ஆறு முறை தோற்றால் ஏழாவது முறை வந்தே தீருமா? சீட்டுக்கட்டு சொல்லும் கணக்கு

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமுக்காளம் விரித்துவிட்டார்கள் என்றால், அடுத்து சீட்டுக்கட்டு வரும் என்று அர்த்தம். எங்கள் சித்தி மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது. மாமா, சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், அப்புறம் நான். வட்டமாக உட்கார்ந்து ரம்மி ஆடினோம். பந்தயம் ரொம்பச் சின்னது. கடைசியில் யாருக்குப் பாயின்ட் அதிகமோ அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

ஒருவர் மட்டும் ஆட வரவில்லை. பெரியம்மா மகன். எனக்குச் சின்ன வயதில் ரம்மி சொல்லிக்கொடுத்ததே அந்த அண்ணன்தான். "வாங்கண்ணே, ஒரு கை குறையுது" என்று கூப்பிட்டேன். "நான் இப்பல்லாம் சீட்டைத் தொடறதில்லப்பா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் முடிந்த பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தானாகவே சொன்னார். தடைச் சட்டம் வருவதற்கு முன்பு போனில் பணம் கட்டி ரம்மி ஆடியிருக்கிறார். எட்டு மாதத்தில் 1,40,000 ரூபாய் போய்விட்டது. அண்ணியின் வளையல் இரண்டு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

"ஒரு நாள் வரிசையா ஆறு ஆட்டம் தோத்தேன். ஏழாவது எனக்கு வந்தே தீரணும்னு மனசு அடிச்சு சொல்லுச்சு. அன்னிக்குத்தான் பெரிய தொகையா வெச்சேன். நீ வாராவாரம் கணக்கு எழுதுறியே, அது ஏன் வரலைன்னு எழுதேன். பேர் மட்டும் போடாத."

இந்த வாரம் அண்ணன் கேட்ட கேள்விக்குத்தான் பதில். வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஜோக்கரை ஒதுக்கிவிட்டால் ஒரு கட்டில் 52 சீட்டு. ஹார்ட்டின், டைமண்ட், ஸ்பேடு, கிளாவர் என்று நான்கு வகை. ஒவ்வொன்றிலும் 13. ஹார்ட்டினும் டைமண்டும் சிவப்பு, மற்ற இரண்டும் கறுப்பு. ஆக 26 சிவப்பு, 26 கறுப்பு. ராஜா, ராணி, ஜாக்கி என்று படம் போட்ட சீட்டுகள் மொத்தம் 12. ஏஸ் நான்கு.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் வந்த 'நிகழ்தகவு' நினைவிருக்கிறதா? பெயர்தான் பெரிது. விஷயம் ஒரே ஒரு வகுத்தல். நமக்கு வேண்டியது எத்தனை, மொத்தம் எத்தனை? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வாய்ப்பு வந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை உருவுகிறீர்கள். அது சிவப்பாக இருக்க வாய்ப்பு 52-ல் 26, அதாவது பாதி. ஹார்ட்டினாக இருக்க 52-ல் 13, அதாவது கால். படச் சீட்டு வர 52-ல் 12, சுமார் 23 சதவிகிதம். ஏஸ் வர 52-ல் 4, அதாவது 13-ல் 1. ஹார்ட்டின் ராஜாவேதான் வேண்டும் என்றால் 52-ல் 1. நூற்றுக்கு இரண்டு தடவைகூடத் தேறாது.

பரீட்சையில் பலர் மார்க்கை விடும் இடம் ஒன்று உண்டு. 'ராஜா அல்லது ஹார்ட்டின் வர வாய்ப்பு என்ன?' ராஜா 4, ஹார்ட்டின் 13, கூட்டினால் 17 என்று எழுதிவிடுவோம். ஆனால், ஹார்ட்டின் ராஜாவை இரண்டு பக்கமும் எண்ணிவிட்டோம். ஒன்றைக் கழித்தால் 16. சரியான விடை 52-ல் 16.

இந்தக் கணக்கு வளர்ந்ததே சூதாட்டத்தைப் பார்த்துத்தான். 16-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கார்டானோ ஒரு டாக்டர், கணித மேதை, அதோடு தீராத சூதாடி. பகடை, சீட்டு பற்றி அவர் எழுதிய புத்தகம், 1576-ல் அவர் இறந்து பல வருடங்கள் கழித்து 1663-ல்தான் அச்சில் வந்தது. அதற்குள் பிரான்ஸில் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-ல் கடிதம் மூலமாகவே இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். பாதியில் நின்றுபோன ஒரு ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் அவர்கள் பேசிய முக்கியமான கேள்வி.

எடுத்த சீட்டைத் திருப்பி வைத்தீர்களா?

அண்ணனின் ஏழாவது ஆட்டத்துக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கிறீர்கள், ஏஸ் வருகிறது. அதைத் தனியே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறீர்கள். இப்போது கட்டில் மீதி 51 சீட்டு. அதில் ஏஸ் மூன்றுதான். வாய்ப்பு 51-ல் 3 ஆகக் குறைந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வர வாய்ப்பு வேண்டும் என்றால் 52-ல் 4, 51-ல் 3 இரண்டையும் பெருக்க வேண்டும். 221-ல் 1 என்று வரும். மூன்றும் ஏஸாக வர 5,525-ல் 1.

இதையே, எடுத்த ஏஸைத் திருப்பி வைத்து, கட்டை நன்றாகக் கலைத்துவிட்டு மறுபடி எடுத்தால்? கட்டு மறுபடியும் 52. ஏஸ் மறுபடியும் நான்கு. வாய்ப்பு பழையபடி 13-ல் 1. முந்தைய தடவை என்ன வந்தது என்பது கணக்கிலேயே இல்லை.

கறுப்பு, சிவப்பை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வரிசையாக மூன்று சீட்டு எடுத்து, மூன்றும் கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். திருப்பி வைக்கவில்லை என்றால் மீதி 49. அதில் சிவப்பு 26. அடுத்தது சிவப்பாக வர வாய்ப்பு சுமார் 53 சதவிகிதம். 'கறுப்பு நிறைய வந்துவிட்டது, இனி சிவப்பு வரும்' என்று நினைப்பதில் இங்கே நியாயம் இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு தடவையும் திருப்பி வைத்துக் கலைத்திருந்தால்? சரியாக 50 சதவிகிதம். மூன்று கறுப்பு வந்திருந்தாலும் சரி, முப்பது வந்திருந்தாலும் சரி.

அதாவது, ஒரு ஆட்டத்துக்குள் நடந்ததை ஞாபகம் வைத்துக்கொள்வது பயன்படும். ஆட்டம் முடிந்து கட்டைக் கலைத்துவிட்டால் அந்த ஞாபகத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. நம் மனசு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது. அண்ணன் நல்ல ரம்மி ஆட்டக்காரர். எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, எது பாக்கி என்று எண்ணியே பழகியவர். அதே பழக்கத்தில் தோல்விகளையும் எண்ணிவிட்டார்.

128 பேர் ஆடினால்...

'ஆறு தடவை வரிசையாகத் தோற்பது அபூர்வம். அப்படியானால் ஏழு தடவை தோற்பது அதைவிட அபூர்வம்தானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

128 பேர் ஆட உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் சம திறமையுள்ள எதிராளி. ஜெயிக்கவும் தோற்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் ஆட்டத்தில் ஏறக்குறைய 64 பேர் தோற்பார்கள். அவர்களில் 32 பேர் இரண்டாவதிலும் தோற்பார்கள். பிறகு 16, 8, 4. ஆறாவது ஆட்டம் முடியும்போது எல்லாவற்றிலும் தோற்றவர்கள் 2 பேர். 128-ல் 2 பேர் என்பது நிச்சயம் அபூர்வம்தான்.

ஆனால், அண்ணன் ஏற்கெனவே அந்த இரண்டு பேரில் ஒருவராக நிற்கிறார். அபூர்வமான பகுதி நடந்து முடிந்துவிட்டது. இனி ஏழாவது ஆட்டம். அந்த இருவரில் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார். பாதிக்குப் பாதி. முதல் ஆட்டத்தில் இருந்த அதே வாய்ப்பு, ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தத் தவறு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1913 ஆகஸ்ட் 18-ம் தேதி மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், ரூலெட் சக்கரத்தில் வரிசையாக 26 தடவை கறுப்பு விழுந்தது. 'இவ்வளவு கறுப்புக்கு அப்புறம் சிவப்பு வந்துதான் ஆகணும்' என்று ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் மேல் பணத்தைக் கொட்டியவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். உலகம் முழுக்க இதற்கு 'சூதாடியின் தவறு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரட்டிப்பாக வைத்தால் மீட்டுவிடலாமா?

"தோத்தா அடுத்ததுல டபுளா வை. ஒரே ஒரு தடவை ஜெயிச்சா போட்டது எல்லாம் திரும்பிடும்." இந்த யோசனையை எல்லோரும் எங்கேயாவது கேட்டிருப்போம். அண்ணனும் இதைத்தான் செய்தார்.

100 ரூபாயில் தொடங்குவோம். 100, 200, 400, 800, 1,600, 3,200. ஆறும் தோல்வி. கூட்டிப்பாருங்கள், 6,300 ரூபாய் போயிற்று. ஏழாவதில் 6,400 வைக்க வேண்டும். ஜெயித்தால் என்ன கிடைக்கும்? 6,300 திரும்ப வந்து, மேற்கொண்டு 100 ரூபாய் லாபம். வெறும் 100 ரூபாய் லாபத்துக்காக 12,700 ரூபாயைப் பணயம் வைத்திருக்கிறோம்.

அந்த 100 ரூபாயும் கமிஷன் இல்லாத இடத்தில்தான். ஆட்டம் நடத்துபவர் மொத்தப் பணத்தில் 10 சதவிகிதம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது ஆட்டத்தில் இரண்டு பேரும் வைத்தது 12,800. கமிஷன் 1,280 போக, ஜெயித்த உங்கள் கைக்கு வருவது 11,520. நீங்கள் இதுவரை போட்டது 12,700. ஜெயித்த பிறகும் 1,180 ரூபாய் நஷ்டம்!

நான் நன்றாக ஆடுவேனே?

ரம்மியில் திறமை இருக்கிறது. அதை மறுக்கவே முடியாது. ஒரே கட்டு, ஜோக்கர் இல்லை என்று எளிமையாக எடுத்துக்கொள்வோம். உங்கள் கையில் 13 சீட்டு. மீதி 39 எங்கே இருக்கிறது என்று தெரியாது. கையில் ஹார்ட்டின் 5, 6 இருந்தால், 4 வந்தாலும் சேரும், 7 வந்தாலும் சேரும். அடுத்து எடுக்கும் சீட்டு அதுவாக இருக்க 39-ல் 2 வாய்ப்பு. கையில் 5, 7 இருந்தால் நடுவில் இருக்கும் 6 மட்டுமே வேண்டும். 39-ல் 1. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரிந்தவருக்கு வாய்ப்பு இரட்டிப்பாகிறது. எதிராளி ஹார்ட்டின் 7-ஐ எடுத்ததைக் கவனித்திருந்தால் கணக்கை உடனே மாற்றிக்கொள்வார். சீட்டு மோசமாக இருந்தால் ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டு ஒதுங்கிவிடுவார்.

1968-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியை 'பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு' என்று சொன்னதும் இதனால்தான். விழும் சீட்டுகளை ஞாபகம் வைத்து, எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்றது தீர்ப்பு. மூன்று சீட்டு ஆட்டம் அப்படியல்ல, அது முழுக்க அதிர்ஷ்டம் என்றும் பிரித்துச் சொன்னது.

திறமை இருந்தால் லாபம் வரும் என்று அர்த்தமா? பழைய கமிஷன் கணக்குக்கே வருவோம். இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள். ஜெயித்தவருக்கு 180 கிடைக்கும். அதாவது ஜெயித்தால் லாபம் 80, தோற்றால் நஷ்டம் 100. நூறு ஆட்டத்தில் 50 ஜெயித்து 50 தோற்றால் 1,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். எதிராளியைவிடத் திறமைசாலியாக இருந்து 55 ஜெயித்தாலும் வருவது 4,400, போவது 4,500. அப்போதும் 100 ரூபாய் நஷ்டம். 56 ஜெயித்தால்தான் முதன்முதலாக 80 ரூபாய் மிஞ்சும். திறமை உங்களுடையதாக இருந்தாலும், ஒவ்வொரு ஆட்டத்திலும் 20 ரூபாய் எடுத்துக்கொண்டே இருப்பவர் இன்னொருவர். அவர் சீட்டைத் தொடுவதே இல்லை. அவர் தோற்கவும் முடியாது.

சின்ன வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு மங்காத்தா நல்ல உதாரணம். ஒரு சீட்டைத் திறந்து வைத்துவிட்டு, மீதி 51 சீட்டை உள்ளே, வெளியே என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். திறந்த சீட்டின் அதே எண் எந்தப் பக்கம் முதலில் விழுகிறதோ அந்தப் பக்கம் வெற்றி. பார்ப்பதற்குப் பாதிக்குப் பாதி போலவே இருக்கும். கணக்குப் போட்டால் முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு வாய்ப்பு 51.5 சதவிகிதம், மற்ற பக்கத்துக்கு 48.5. பத்து ஆட்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆயிரம் ஆட்டத்தில் ஏறக்குறைய 515-க்கு 485 என்று வந்து நிற்கும்.

முதல் குறள் பேசுவது வெற்றியைப் பற்றி

திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 94-வது. அதன் முதல் குறளை எடுத்துப் பாருங்கள். வள்ளுவர் தோல்வியைப் பற்றிப் பேசி ஆரம்பிக்கவில்லை. ஜெயித்தாலும் வேண்டாம் என்கிறார். கிடைத்த வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டிலோடு ஒப்பிடுகிறார். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "முதல் வாரத்துல 2,000 ரூபா ஜெயிச்சேன்டா. அது வராம இருந்திருந்தா அப்பவே விட்டிருப்பேன்" என்றார்.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றுக்கான தடையை மட்டும் ரத்து செய்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே போகாமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. ஆனால், 'அடுத்தது வந்தே தீரும்' என்ற நினைப்பை எந்தச் சட்டமும் தடை செய்ய முடியாது. லாட்டரிச் சீட்டோ, கிரிக்கெட் பந்தயமோ, வேறு ஒரு வடிவத்தில் அது திரும்ப வரும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்று சாயங்காலம் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு சீட்டை எடுத்து நிறத்தை எழுதிவிட்டு, திருப்பி வைத்துக் கலைத்து, மறுபடி எடுங்கள். இப்படி நூறு தடவை. எங்கெல்லாம் வரிசையாக மூன்று கறுப்பு வந்ததோ, அதற்கு அடுத்து வந்த நிறத்தை வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் சிவப்புதான் அதிகம் இருக்கும் என்று நினைப்பீர்கள். அந்த நோட்டை ஒரு வாரத்துக்கு எடுத்து வையுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து செய்து எல்லா வட்டத்தையும் சேர்த்து எண்ணினால், ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் இருக்கும்.

பணம் கட்டி ஆடும் பழக்கத்திலிருந்து நீங்களோ, வீட்டில் யாரோ வெளியே வர முடியாமல் தவித்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம்.

இதை எழுதி முடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு இரண்டு வரி பதில் போட்டார். "128 பேர் கணக்கு புரிஞ்சுது. வளையல்ல ஒண்ணை அடுத்த மாசம் மீட்டுடுவேன்."

அடுத்த கல்யாணத்தில், டீ பந்தயத்துக்காவது அவரை ஜமுக்காளத்தில் உட்கார வைத்துவிட வேண்டும்.

இந்த வாரக் கேள்வி: 52 சீட்டுள்ள கட்டிலிருந்து, திருப்பி வைக்காமல் அடுத்தடுத்து இரண்டு சீட்டு எடுக்கிறீர்கள். இரண்டும் ஒரே எண்ணாகவோ ஒரே படமாகவோ (இரண்டு 7, இரண்டு ராணி என்பது போல) அமைய வாய்ப்பு என்ன? ஒரு குறிப்பு: முதல் சீட்டு எதுவாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள். விடை அடுத்த வாரம்.